பெரிய ரோட்டு முச்சந்தியில் போர் நினைவுப் பலகை: யாரைப் பற்றி எழுதுவது?

துரோலாக் பையன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக்கில், துரோலாக்குக்கும் சிலிம் ரிவருக்கும் இடையில் உள்ள ஒரு பழைய தோட்டத்தில் பிறந்தவன் நான். கித்தா (ரப்பர்) மரங்கள் போய் இப்போது முழுக்கச் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டும் நிற்கின்றன, திருவிழாவுக்கு எல்லோரும் ரவாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்து சேர்வோம்.

விஷயம் இதுதான். தோட்டப் பாதை பெரிய ரோட்டில் வந்து ஏறும் முச்சந்தியில் ஒரு நினைவுப் பலகை வைக்கலாம் என்று கோயில் கமிட்டியும் பள்ளியின் முன்னாள் மாணவர்களும் பேசிக்கொண்டிருக்கிறோம். 1942 ஜனவரி 7-ல் ஜப்பான்காரனின் டாங்கிகள் இந்த ரோட்டில்தான் இறங்கி வந்தன. வெளிநாட்டிலிருந்து வயதானவர்கள் சிலர் அவ்வப்போது காரில் வந்து பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், இங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஒரு பலகை கூட இல்லையே என்று நம் பிள்ளைகளே கேட்கிறார்கள். பணம் பெரிய பிரச்சினை இல்லை, ஓரளவு சேர்ந்துவிட்டது.

கூட்டத்தில்தான் சண்டை. ஒரு பக்கம், போர் நடந்த இடம், ராணுவத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும், எந்தப் படை, எந்தத் தளபதி என்று விவரமாகப் போட்டால்தான் வருகிறவர்கள் மதிப்பார்கள் என்கிறார்கள். இன்னொரு பக்கம் (எங்கள் பெரியம்மா இதற்குத் தலைமை), நம் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போய்த் திரும்பாதவர்களுக்கு இதுவரை யாரும் ஒரு கல் கூட நடவில்லை, சிப்பாய்க்கு ஏற்கனவே கல்லறை இருக்கிறது, நம் ஆளுக்கு எங்கே என்கிறார். இரண்டையும் ஒரே பலகையில் போட்டால் கலவை சாதம் ஆகிவிடும் என்று தலைவர் பயப்படுகிறார்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாரைப் பற்றி எழுதலாம்? ரோட்டோரம் வைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? தோட்டத்துக் காட்டுக்குள் சிப்பாய்களின் பிணங்கள் இன்னும் கிடக்கின்றன என்று ஒரு பேச்சு உண்டு, அது உண்மையா?

---

கம்பார்வாசி எழுதியது:

தம்பி, நல்ல காரியம். முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்த பிறகு போர்க்களங்களிலும் தற்காலிக இடுகாடுகளிலும் கிராமத்து மயானங்களிலும் கிடந்தவர்களைத் தோண்டியெடுத்துத் தைப்பிங் போர் மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். புக்கிட் லாருட் ஏறும் ரோட்டின் ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இந்திய வீரர்கள். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள், அதில் பாதிக்கும் மேல் பெயர் தெரியாதவர்களுடையது. உங்கள் காட்டில் ஒருவரும் மிச்சமில்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் "இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்" என்று பலகையில் எழுதாதீர்கள். தைப்பிங் போய் அந்தக் கல் வரிசையில் ஒரு தடவை நடந்துவிட்டு வாருங்கள், எழுத வேண்டியது தானாக வரும்.

இனி போருக்கு வருகிறேன். சிலிம் ரிவரைத் தனியாகச் சொன்னால் புரியாது. எங்கள் கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை பதினோராவது இந்திய டிவிஷன் நின்று பிடித்தது. தாம்சன் ரிட்ஜில் கேப்டன் கிரஹாம் என்பவர் பஞ்சாப் ரெஜிமெண்ட்டின் சீக்கியர்களைக் கூட்டிக்கொண்டு துப்பாக்கி முனைக் கத்தியோடு மேலே ஏறிப் பதுங்குகுழிகளை மீட்ட கதையை இன்றும் சொல்வார்கள். அவர் பிழைக்கவில்லை. ஜப்பான்காரன் கடல் வழியாகத் தெற்கே இறங்கிவிட்டதால் பின்வாங்க வேண்டி வந்தது. அப்படி வந்து நின்ற இடம்தான் உங்கள் ஊர். வடக்கே ஜித்ராவிலிருந்து ஒரு மாதமாகப் பின்வாங்கிக்கொண்டே வந்த ஆட்கள், தூக்கமில்லை, வானத்தில் தங்கள் விமானம் ஒன்றைக்கூடப் பார்க்க முடியவில்லை.

அங்கே நடந்ததில் உங்கள் தோட்டத்துக்கே சொந்தமான ஒரு விவரம் இருக்கிறது, பலகையில் அதைத்தான் முதலில் போடுவேன். போருக்கு முன்பே பெரிய ரோட்டை நேராக்கியிருந்தார்கள். பழைய வளைவுகள் கைவிடப்பட்டு, கித்தா காட்டுக்குள் புல் மண்டிக் கிடந்தன. ஜனவரி 7 விடியற்காலையில் மேஜர் ஷிமாதாவின் டாங்கிகள் வந்தபோது நேர் ரோட்டில் தடுப்பு இருந்தது, கண்ணிவெடியும் கொஞ்சம் இருந்தது. டாங்கிகள் அந்தப் பழைய வளைவு வழியாகச் சுற்றிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் வந்து ஏறின. முதலில் ஹைதராபாத் ரெஜிமெண்ட், அப்புறம் பஞ்சாபிகள், துரோலாக்கில் ஆர்கைல் ஸ்காட்லாந்துக்காரர்கள், அதைத் தாண்டி ரோட்டில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்காக்கள். கூர்க்காக்களை முதுகுப் பக்கமாக வந்து பிடித்தார்கள், அவர்களுக்கு டாங்கி வருகிறது என்றே தெரியாது. அன்று காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலம் போய்விட்டது. வத்தனாபே என்ற இளம் அதிகாரி பாலத்துக்கு வைத்திருந்த வெடியின் கம்பியை வாளால் வெட்டினார் என்பார்கள். இரண்டு பிரிகேட் ஒரே காலையில் சிதறியது. நான்கு நாள் கழித்து, 11-ஆம் தேதி, கோலாலம்பூர் விழுந்தது.

அந்தப் பழைய வளைவு உங்கள் பக்கம் எங்காவது அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தால் பலகையை அங்கே வையுங்கள். முச்சந்தியில் வைத்தால் பார்ப்பவன் எதைப் பார்ப்பான்? நாசி லெமாக் கடையைத்தான். நெகிரி செம்பிலானில் கெமெஞ்சே பாலத்து நினைவிடம் எடுபடுவதற்குக் காரணமே அது சம்பவம் நடந்த ஆற்றங்கரையில் இருப்பதுதான். ஜனவரி 14-ல் ஆஸ்திரேலியர்கள் ஜப்பான்காரனின் சைக்கிள் படையைப் பாலம் தாண்ட விட்டு, அப்புறம் பாலத்தை வெடித்த இடம். அங்கே நின்று தண்ணீரைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

---

கிராணி மகள் எழுதியது:

கம்பார் அண்ணன் எழுதியது எல்லாம் சரி. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அவ்வளவு நீளமாக எழுதியதில் தோட்டம் வருகிறது, கித்தா மரம் வருகிறது, அந்தத் தோட்டத்தில் அன்றைக்கு இருந்த ஒரு மனிதர் கூட வரவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, நம் நாட்டில் போர்ப் பலகைகள் எழுதப்படுகிற விதமே அப்படித்தான்.

நான் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16-ல் எங்கள் பக்கத்து எல்பில் தோட்டத்தில் வாக்கர் துரையைக் கம்யூனிஸ்டுகள் ஆபீசிலேயே சுட்டார்கள், அதே காலையில் பக்கத்தில் இன்னொரு தோட்டத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள். அதிலிருந்துதான் அவசரகாலம். அவர்கள் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, பத்து காஜா மயானத்தில் ஒவ்வொரு ஜூன் மாதமும் மலர்வளையம் வைக்கிறார்கள். வைக்கட்டும், செத்தவர்கள் செத்தவர்கள்தான். ஃபிரேசர் மலைப் பாதையில் 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் கர்னி சுடப்பட்ட வளைவிலும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஆனால் 1941 மே மாதம் கிள்ளான் பக்கம் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்களைப் படையை அழைத்துச் சுட்டார்களே, அவர்களுக்கு எந்த ரோட்டோரத்தில் பலகை இருக்கிறது? போருக்கு ஏழே மாதம் முன்னால் நடந்தது அது.

சயாம் விஷயத்துக்கு வருகிறேன். பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டார்கள். போர்க்கைதிகள் 60,000-க்கு மேல், அதில் சுமார் 12,000 பேர் செத்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் புல் வெட்டி, பெயர் பொறித்து, வரிசை பிசகாமல் மயானம் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவில், சாவு 90,000 வரை இருக்கும் என்கிறார்கள். அதில் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் பெரும் பங்கு. ஏன் பெயர் இல்லை என்றால், போர் மயானக் கமிஷனின் வேலை ராணுவத்தில் செத்தவர்களைப் பற்றியது, கூலியாகப் போனவன் அதில் சேர மாட்டான். கைதிகளிடம் தங்கள் சாவைக் குறித்து வைக்க அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். நம் ஆட்களிடம் யார் இருந்தார்கள்? காலரா வந்தபோது குழி வெட்ட ஆளில்லாமல் மூங்கில் நெருப்பில் மொத்தமாகப் போட்டுக் கொளுத்தினார்கள்.

எப்படிக் கூட்டிப் போனார்கள் என்பதையும் பலகை சொல்ல வேண்டும். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். கித்தாவுக்கு விலை போய், தோட்டத்தில் வேலை நின்று, அரிசியில்லாமல் மரவள்ளியைத் தின்றுகொண்டிருந்த நேரம், சிலர் நம்பிப் போனார்கள். போனவர்களிடமிருந்து சேதி வராததால் மற்றவர்கள் தயங்க, அப்புறம் லோரியில் பிடித்து ஏற்றினார்கள். படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் கொண்டுபோன கதை பல ஊரிலும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். தோட்டத்திலிருந்து இத்தனை பேர் வேண்டும் என்று கேட்டபோது பட்டியல் எழுதியது யார் என்பதும் ஒரு கதை. கிராணியும் (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) கங்காணியும்தான். நான் கிராணி வீட்டுப் பெண், எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அதனால் துரோலாக் தம்பி, உங்கள் பெரியம்மா சொல்வதுதான் சரி. டாங்கியைப் பற்றி உலகமே எழுதும். உங்கள் லயத்திலிருந்து போனவர்களைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள்.

---

சாலைக்காரர் எழுதியது:

பொதுப்பணியில் ரோடு ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். சரித்திரத்துக்குள் போகவில்லை, நடக்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

பெரிய ரோடு கூட்டரசு சாலை. அதன் இரண்டு ஓரமும் ரிசாப் ஜாலான், அதாவது ரோட்டுக்கென்று ஒதுக்கிய நிலம், ஜேகேஆர் (பொதுப்பணித் துறை) மாவட்ட அலுவலகத்தின் பொறுப்பு. பட்டணத்துக்குள் என்றால் மாவட்ட மன்றத்தையும் பார்க்க வேண்டும். அனுமதியில்லாமல் கல் நட்டால் இன்றைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ரோட்டை அகலப்படுத்துகிற அன்று பேக்கோ (மண்வாரி இயந்திரம்) வந்து வாரிக்கொண்டு போய்விடும், யாரிடமும் கேட்க முடியாது. தோட்ட நிலம் என்றால் கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். இன்றைய மேனேஜர் தலையாட்டுவார், அடுத்த வருடம் தோட்டம் கை மாறும். எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழைய மயானத்தையே புது முதலாளி செம்பனை வைத்து மூடிவிட்டார், ஊர்க்காரர்கள் போய்ச் சேருவதற்குள் கன்று நட்டாகிவிட்டது.

ஆகவே கோயில் நிலமோ பள்ளியின் வேலியோரமோதான் பாதுகாப்பு, அதுவும் நிலத்துக்குப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல தோட்டக் கோயில்களுக்கு இல்லை. ரோட்டில் ஒரு அம்புக்குறிப் பலகைக்கு மட்டும் ஜேகேஆரிடம் கடிதம் கொடுங்கள், அது சுலபம்.

பித்தளைப் பட்டயம் வேண்டவே வேண்டாம். ஒரு மாதத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அலுமினியமும் அப்படித்தான். கருங்கல்லில் வெட்டி எழுத்துக்குள் வெள்ளைப் பெயிண்ட் விடுங்கள், பெயிண்ட் போனாலும் தடவிப் படிக்கலாம். மழை சாய்ந்து அடிக்கிற பக்கம் பார்த்து வைக்காதீர்கள், பாசி பிடித்துவிடும். மொழி விஷயத்தில் மலாய் மேலே பெரிதாக இருக்கட்டும், அப்போதுதான் மன்றத்தில் கேள்வி வராது. கீழே தமிழ், இடமிருந்தால் ஆங்கிலம்.

அப்புறம், மரபுடைமைச் சட்டம் என்று 2005-ல் ஒன்று வந்தது, அதன் கீழ் இடத்தைப் பதிவு செய்யக் கேட்டு மனு கொடுக்கலாம். அது நீண்ட பாதை, மாநில அரசின் சம்மதமும் வேண்டும். மனு போடுங்கள், ஆனால் அதற்காகக் கல்லை நிறுத்தி வைக்காதீர்கள்.

---

நேதாஜி பேரப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இந்தியத் தேசிய ராணுவம் (ஐஎன்ஏ)! எங்கள் தாத்தா பாகான் டத்தோ பக்கத் தோட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்தவர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கிய பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் போனார்கள், பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள், ஜான்சி ராணிப் படையில் பால்வெட்டும் பெண்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்ட படைக்குப் பலகை வைப்பீர்கள், நம் சுதந்திரத்துக்காகப் போனவர்களுக்கு ஒரு வரி கூடக் கிடையாதா?

---

கம்பார்வாசி எழுதியது:

பேரப்பிள்ளை, கோபம் நியாயம்தான். ஆனால் "வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவன்" என்று அவ்வளவு சுலபமாகக் கோடு போட முடியாது. ஐஎன்ஏ-வை முதலில் தொடங்கிய மோகன் சிங் யார்? இதே பதினோராவது டிவிஷனில், ஜித்ராவில் தோற்றுக் காட்டுக்குள் அலைந்த பஞ்சாப் ரெஜிமெண்ட் கேப்டன். சிங்கப்பூர் விழுந்து இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17-ல், ஃபேரர் பார்க்கில் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியக் கைதிகளை நிறுத்தி ஜப்பான்காரனிடம் ஒப்படைத்தார்கள், அவர்களில் பலர் அதற்கப்புறம் ஐஎன்ஏ-வில் சேர்ந்தார்கள். உங்கள் ரோட்டில் ஜனவரி 7-ல் டாங்கிக்கு முன்னால் நின்று பிடிபட்டவனே பின்னால் நேதாஜியின் உடுப்பைப் போட்டிருக்கலாம். சேராமல் மறுத்து அடிபட்டவனும் உண்டு. கல்லில் ஒருவனை வீரன் என்றும் இன்னொருவனைக் கூலிப்படை என்றும் பிரித்தால் யாரைப் பிரிக்கிறோம் என்று நமக்கே தெரியாது.

நினைவுச்சின்னத்தை என்ன செய்வார்கள் என்பதற்கும் ஐஎன்ஏ கதையே சாட்சி. சிங்கப்பூர் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜியே அடிக்கல் வைத்தார், செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைத் தகர்த்தான். 1995-ல்தான் அதே பக்கத்தில் ஒரு பலகை வந்தது, அதற்கு நம் மக்கள் பணம் போட்டார்கள். ஐம்பது வருடம்.

---

கிராணி மகள் எழுதியது:

பேரப்பிள்ளை தம்பிக்கு ஒன்று மட்டும். சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்பிக்கவே ஐஎன்ஏ-வில் சேர்ந்தவர்களும் உண்டு. உங்கள் தாத்தாவைச் சொல்லவில்லை. கொள்கைக்காகப் போனவர்கள் இருந்தார்கள், சோற்றுக்காகவும் உயிருக்காகவும் போனவர்கள் இருந்தார்கள், ஒரே ஆளுக்குள் மூன்றும் இருந்திருக்கும். துரோலாக் தோட்டத்திலிருந்து யாராவது போயிருந்தால் அந்தப் பெயரும் வரட்டும். போகவில்லை என்றால் பொதுவாக ஒரு வரி சேர்த்து என்ன பிரயோசனம்?

என் யோசனை இரண்டு கல். சாலைக்கார ஐயா சொன்னபடி கோயில் நிலத்தில் ஒன்று, சயாமுக்குப் போனவர்களுக்கு. பழைய வளைவு அடையாளம் தெரிந்தால், கம்பெனி சம்மதித்தால், அங்கே சின்னதாக இன்னொன்று, போருக்கு. தலைவரின் கலவை சாதப் பயமும் தீரும். முதலில் கோயில் கல்லுக்குத்தான் பணம் போக வேண்டும்.

மொத்தம் எத்தனை ஆயிரம் பேர் என்ற எண்ணை அந்தக் கல்லில் போடாதீர்கள். ஆளுக்கு ஆள் வேறு எண் சொல்வார்கள், நாளைக்கு ஒருவர் வந்து தப்பு என்பார். பெயர் போடுங்கள். கோயில் பழைய வரவுசெலவுப் புத்தகம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, திதி கொடுக்கும் வீடுகள், இதில் தேடினாலே கொஞ்சம் தேறும். முழுப் பெயர் தெரியாவிட்டால் "கிணற்றடி லயம், மேஸ்திரி மகன்" என்று இருந்தாலும் பரவாயில்லை. காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரையில் தமிழர்களுக்கு நடுகல் வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். எத்தனை பேர் என்று அங்கே நின்று நினைக்கலாம், யார் என்று உங்கள் ஊர்க் கல்தான் சொல்ல வேண்டும்.

எழுத ஒரு மாதிரி தருகிறேன், வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்:

"1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் இந்தத் தோட்டத்திலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போடுவதற்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். சம்பளமும் மூன்று மாதத்தில் வீடும் என்று சொல்லிச் சிலரை அழைத்தார்கள், மற்றவர்களைப் பிடித்து ஏற்றினார்கள். திரும்பி வராதவர்கள்:" அப்புறம் பெயர்கள். அவ்வளவுதான். "தியாகிகள்" என்று எழுதாதீர்கள், அவர்கள் எதையும் தியாகம் செய்யப் போகவில்லை, பறிகொடுத்தவர்கள்.

---

சாலைக்காரர் எழுதியது:

மாதிரி நன்றாக இருக்கிறது அம்மா. பெயருக்குக் கீழே கல்லில் பாதி இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். கல் நட்ட பிறகுதான் "எங்கள் மாமாவும் போனார்" என்று ஆட்கள் வருவார்கள். பிறகு வெட்டினால் கூலி அதிகம் கேட்பார்கள், முதலிலேயே கல்வெட்டுக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

---

துரோலாக் பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெரியம்மாவிடம் கிராணி மகள் அக்காவின் மாதிரியைப் படித்துக் காட்டினேன். "மேஸ்திரி மகன்" வரிக்கு மட்டும் சிரித்தார், எங்கள் லயத்தில் மேஸ்திரிக்கு மகன்கள் மூன்று பேராம், மூன்று பேரும் போனார்களாம், ஒருவர் மட்டும் 1946-ல் திரும்பினாராம். பெயர்களைச் சொல்லியிருக்கிறார், குறித்துவிட்டேன். அவருக்குத் தெரிந்ததே இன்னும் சில பெயர்கள் வரும் போலிருக்கிறது, ஆனால் பட்டியல் எழுதிய கிராணியின் பேரன் எங்கள் கமிட்டியிலேயே இருக்கிறார், அவர் முன்னால் பேசத் தயங்குகிறார். வீட்டுக்குப் போய்த் தனியாக எழுதி வாங்கப் போகிறேன்.

கோயில் நிலத்துக்குப் பத்திரம் இல்லை, கேட்டுப் பார்த்தேன். பள்ளியின் வேலியோரம்தான் போலிருக்கிறது, தலைமையாசிரியரிடம் திங்கட்கிழமை பேசுகிறேன். கம்பார் அண்ணே, பழைய வளைவு ஒன்று பள்ளிக்குப் பின்னால் ஓடை பக்கம் தார் துண்டு துண்டாகத் தெரிகிறது, சின்ன வயதில் அங்கேதான் பந்து விளையாடுவோம், அதுதானா என்று தெரியவில்லை. படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.